மாஸ்டர் என்கிற பட்டம்

'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' சன் டிவியில் ஓடிய 1990களின் பிற்பகுதியில், தேவிகாபுரத்துத் தறிவீடுகளில் அதைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்களே அதிகம். குழிக்குள் காலும் பாவின்மேல் கண்ணுமாக இருக்கிறவருக்குத் திரையை நிமிர்ந்து பார்க்க ஏது நேரம்? அறுந்த இழையைக் கவனிக்காமல் நெய்துகொண்டே போனால், நெய்ததைப் பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால் இந்திரா சௌந்தர்ராஜனின் கதையும் நாகாவின் இயக்கமும் நெசவாளருக்கு ஏறக்குறைய வானொலி நாடகமாகத்தான் வந்து சேர்ந்தன. நிமிர்ந்து பார்த்தவர்கள் பிள்ளைகள். ராட்டையில் தார் சுற்றிக்கொண்டோ, கரையையும் உடலையும் இணைத்து நெய்யும் கோர்வைத் தறியின் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பி விட்டுக்கொண்டோ இருந்த பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்கள் பார்த்தது ஏறக்குறைய தங்கள் வயதுச் சிறுவன் ஒருவனை. கருப்பசாமியின் குதிரைக் குளம்பொலிக்கு நடுங்கும் அந்தச் சிறுவனாக நடித்தவர் லோகேஷ் ராஜேந்திரன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை. இவன் செய்வது வேலை என்று ஊருக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், எப்போதாவது ஜீப்பில் வரும் அதிகாரிக்கும் தெரியும். அவன் செய்வதை யாரும் வேலை என்று சொன்னதில்லை, 'நடிக்கிறான்' என்றோம். அந்தக் காலத்தை நினைக்கும்போதெல்லாம் இந்த இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தே நினைக்கிறேன். இருவர் செய்ததும் வேலைதான். கையில் எதையும் மிச்சம் வைக்காத வேலை அவற்றில் எது என்று கேட்டால், நாம் கைதட்டிய வேலைதான் என்பது என் வாதம்.

இந்த இருவரையும் அடுத்தடுத்து உட்காரவைத்தது என் கற்பனை அல்ல, சட்டமே அப்படி உட்காரவைத்திருக்கிறது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் முறைப்படுத்துதல்) சட்டம் துணி நெசவையும் சாயத்தையும் தடைப்பட்டியலில் வைத்தது. சொந்தக் குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கும் கொடுத்தது. போளூருக்கும் சேத்துப்பட்டுக்கும் இடையில், வெளியூர்க்காரர்கள் பெரியநாயகி அம்மன் கோயிலையும் கனககிரியையும் வைத்து அடையாளம் சொல்லும் இந்த ஊரில், தறி என்பது வீட்டுக்குள் இருக்கிற பொருள். அந்த விலக்கின் கீழே ஊரில் பாதி அடங்கிவிடும். 2016இல் சட்டத்தைத் திருத்தியபோது பதினான்கு வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, இரண்டே இரண்டு கதவுகளைத் திறந்துவைத்தார்கள். பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலுக்கு உதவும் குழந்தை ஒரு உட்பிரிவில். விளம்பரம், சினிமா, தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றில் கலைஞராக வேலை செய்யும் குழந்தை அதற்கடுத்த உட்பிரிவில். தேவிகாபுரத்துப் பிள்ளையும் திரையில் வந்த பிள்ளையும் சட்டப் புத்தகத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள். (சர்க்கஸுக்கு மட்டும் கதவு இல்லை. உயிராபத்து உள்ள தொழில் என்பதால் அது சரி. ஆனால் சின்ன வயதிலிருந்து பிள்ளைக்கு ஒரு வித்தையைக் கற்பித்தே தீரவேண்டிய கேளிக்கை அது ஒன்றுதான் என்பதும் நினைவுக்கு வருகிறது.)

2017இல் வந்த விதிகள் நடிக்கும் குழந்தைக்கு நல்ல வேலிகளைப் போட்டன. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமான வங்கியில் வைப்பாகப் போடவேண்டும். இந்தக் கடைசி விதிக்கு ஒரு பாட்டன் உண்டு. 1921இல் சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், வளர்ந்து பார்க்கையில் தான் சம்பாதித்ததில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது கண்டு, 1938இல் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குப் போட்டார். மறு ஆண்டு கலிபோர்னியாவில் அவர் பெயரால் சட்டம் வந்தது. உலகம் முழுக்கக் குழந்தை நடிகர்களுக்கு என்று யோசித்தவர்கள் அந்த வழக்கின் கண்ணாடி வழியாகவே பார்த்தார்கள்: பெற்றோர் திருடுவார்கள், தயாரிப்பாளர் கசக்குவார், ஆகவே பணத்தைப் பூட்டு, நேரத்தை அளந்து கொடு. இரண்டும் தேவை. ஆனால் அந்த வைப்புத்தொகை கைக்கு வரும் பதினெட்டாம் வயதில் அந்தப் பிள்ளைக்கு என்ன தொழில் தெரியும் என்ற கேள்வி எந்த விதியிலும் இல்லை.

குழந்தை நடிகரிடம் வாங்கப்படுவது என்ன? நடிப்பு என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். தொடர் தயாராகும் விதத்தைப் பார்த்தால் அந்தப் பதில் நிற்காது. வசனத்தைக் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் சொல்லச் சொல்ல, குழந்தை திருப்பிச் சொல்கிறது. குரல்கூடப் பல நேரம் அதனுடையது அல்ல. சிறுவர் பாத்திரங்களுக்குப் பெரியவர்களான பெண் டப்பிங் கலைஞர்கள் பேசுவது இங்கே பழைய வழக்கம். முகத்தை அழச்சொன்னால் அழும், சிரிக்கச் சொன்னால் சிரிக்கும். வாங்கப்படுவது அதன் உயரம், பால்பல், கன்னம், விழி, அந்த வயதுக்கே உரிய ஒரு துறுதுறுப்பு. சுருக்கமாக, குழந்தைமை. அதை அந்தப் பிள்ளை சம்பாதித்ததும் இல்லை, காப்பாற்றி வைக்கவும் முடியாது. உலகத்தில் எந்தத் தொழிலாளியும் வருடம் கூடக் கூடத் தொழிலில் தேறுவான். இந்த ஒரு தொழிலில் மட்டும் வருடம் கூடுவதே தகுதிக் குறைவு. மீசை அரும்பினால் வேலை போயிற்று.

கதை எப்படி இதைச் சமாளிக்கிறது என்பதைக் கவனித்தால் இன்னும் தெளிவாகும். நம் சினிமாவில் ஓடுகிற சிறுவனின் காலைக் காட்டுவார்கள், அந்தக் கால் அப்படியே கதாநாயகனின் காலாகிவிடும். தொடரில் சில வருடங்களுக்குப் பிறகு என்று ஒரு அட்டை போதும். வடக்கே 2008இல் தொடங்கிய 'பாலிகா வது', தமிழில் 'மண்வாசனை' என்று ராஜ் டிவியில் வந்து நம் வீடுகளிலும் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனந்தி என்ற குழந்தை மணப்பெண்ணாக அவிகா கோர் நடித்தார். 2010இல் கதை ஐந்து வருடம் தாவியது. ஆனந்தி வளர்ந்தாள், அவிகா கோர் வெளியே போனார், வேறொரு நடிகை வந்தார். பாத்திரத்துக்கு எதிர்காலம் இருந்தது, பாத்திரத்தைத் தூக்கி நிறுத்திய பிள்ளைக்கு அந்த வீட்டில் இடமில்லை. அவிகா கோர் பிறகு 2011இல் இன்னொரு இந்தித் தொடரிலும், 2013இல் தெலுங்குப் படத்திலும் பெரியவர் வேடத்துக்குத் தாவி நின்றுகொண்டார். அது அவருடைய சாமர்த்தியம், தாவிய கதையின் தயவு இல்லை. இதற்கு நேர் எதிராக ஹாரி பாட்டர் படங்களைச் சொல்லலாம். 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்கள். கதை பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தது, பிள்ளைகள் தேர்ந்த பெரிய நடிகர்களுக்கு நடுவில் நின்று தொழில் கற்றார்கள். அப்படிப் பத்து வருடம் காத்திருக்கும் பொறுமை தினசரித் தொடருக்குக் கிடையாது.

தமிழுக்கு இது புதிய சிக்கலும் அல்ல. நம் நாடக மேடை இதற்கு ஒரு சொல்லே வைத்திருந்தது: மகரக்கட்டு. பையனுக்குக் குரல் உடையும் பருவம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை முதலாக, பாய்ஸ் கம்பெனிகள் முழுக்க முழுக்கச் சிறுவர்களை வைத்தே நடந்தன. ராஜபார்ட்டும் பையன், ஸ்திரீபார்ட்டும் பையன். அந்தக் கம்பெனிகளைப் புகழ்ந்து பேச எனக்கு மனம் வராது. வறுமைக்குப் பயந்து வீட்டார் அனுப்பிய பிள்ளைகள், வாத்தியார் அடி, ஊர் ஊராக அலைச்சல், எழுத்துக் கல்வி அற்பம். எம்.ஜி.ஆரும் அவர் அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது கலைத்தாகத்தால் அல்ல, வீட்டில் சோறு இல்லாததால். ஆனால் அந்தக் கொடுமைக்குள் ஒன்று இருந்தது. பாடம் இருந்தது. விடிந்ததும் பாட்டு, பிறகு வசனம், கால் வைப்பு, கை வைப்பு, அடுத்தவன் பாடத்தையும் சேர்த்து நெட்டுருப் போடுவது. மகரக்கட்டு வந்து ஸ்திரீபார்ட் கையைவிட்டுப் போனவர்களில் சிலரை வீட்டுக்கு அனுப்பினார்கள், உண்மை. ஆனால் பலருக்குக் கம்பெனிக்குள்ளேயே அடுத்த படி இருந்தது. நகைச்சுவைக்குப் போகலாம், ஆர்மோனியத்துக்குப் போகலாம், சின்னப் பையன்களுக்குப் பாடம் சொல்லும் வேலைக்குப் போகலாம், குரல் தேறி மறுபடி மேடையேறலாம். 1918இல் அந்தச் சபைக்குள் சிறுவர்களாக நுழைந்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இலேயே சொந்தச் சபை கண்டார்கள். பெண் வேடத்தில் தொடங்கிய சிவாஜி பிறகு எதுவாகவெல்லாம் ஆனார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைப் பருவம் முடியப்போகிறது என்று தெரிந்து நடத்தப்பட்ட தொழில் அது. அதற்குப் பெயர் வைத்திருந்ததே அதற்குச் சான்று. தொலைக்காட்சிக்கு அந்தச் சொல்லும் இல்லை, அந்தச் சொல் குறித்த நாள் வந்தால் என்ன செய்வது என்ற ஏற்பாடும் இல்லை.

இந்த இடத்தில் வாசகர் கையை உயர்த்துவார். கமல்ஹாசன் இல்லையா, ஸ்ரீதேவி இல்லையா, மீனா இல்லையா, ஷாலினி இல்லையா என்பார். இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வுக்குக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கிய கமல், 1963இல் 'ஆனந்த ஜோதி'யோடு குழந்தை வேடங்களை முடித்துக்கொள்கிறார். திரும்பத் திரையில் தென்படுவது 1970இல், 'மாணவன்' படத்தில் ஒரு நடனத்தில். இடையில் ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் படிக்கிறார்கள். டி.கே.எஸ். நாடக சபையில் அவ்வை சண்முகத்திடம் மேடைப் பாடம். நடனப் பயிற்சி. பிறகு தங்கப்பன் மாஸ்டரிடம் உதவியாளர் வேலை. அதாவது அவரை நடிகராக்கியது குழந்தை நட்சத்திரப் புகழ் அல்ல. பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த ஒருவர், தாம் கற்ற முறையிலேயே அந்தப் பிள்ளைக்கும் தொழில் கற்பித்ததுதான். அந்தக் கடனை அவர் மறக்கவில்லை என்பதற்கு 1996இல் ஒரு படத்துக்கு வைத்த 'அவ்வை சண்முகி' என்ற பெயரே சாட்சி. ஆகவே கமலை என் வாதத்துக்கு எதிராக நிறுத்த முடியாது, அவர் என் பக்கத்துச் சாட்சி.

பெண் பிள்ளைகளின் கதை வேறு, அதைத் தனியாகவே பேசவேண்டும். 'துணைவன்' படத்தில் முருகனாக வந்த ஸ்ரீதேவிக்கு, 'மூன்று முடிச்சு' 1976இல் வெளியானபோது பதின்மூன்று வயது. கதாநாயகி. இந்தித் தொடரில் சிறுமியாக வந்த ஹன்சிகா 2007இல் தெலுங்கில் கதாநாயகியானபோது பதினாறை நெருங்கிக்கொண்டிருந்தார். குழந்தைக்கும் கதாநாயகிக்கும் நடுவே ஒரு பெண்ணுக்கு இந்தத் தொழில் பருவமே கொடுப்பதில்லை, பாவாடையிலிருந்து நேராகப் புடவைக்கு. இதை வாய்ப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். குழந்தைமையை விற்ற கையோடு அடுத்த சரக்கும் விற்கப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஸ்ரீதேவி பெரிய கலைஞர் ஆனார் என்றால் அது அந்தத் தாவலால் அல்ல, தாவிய பிறகு இரவு பகலாக உழைத்ததால். உண்மையிலேயே படிப்படியாக வளர்ந்தவருக்கு உதாரணம் வேண்டுமென்றால் நிவேதா தாமஸைச் சொல்வேன். 2004இல் சன் டிவியில் தொடங்கிய 'மை டியர் பூதம்' பார்த்தவர்களுக்கு அவர் முகம் தெரியும். 2008இல் மலையாளத்தில் 'வெறுதே ஒரு பார்ய' படத்துக்குக் கேரள அரசின் குழந்தை நட்சத்திர விருது. அதே வருடம் 'குருவி'யில் தங்கை, 2014இல் 'ஜில்லா'வில் தங்கை, 2015இல் 'பாபநாச'த்தில் கமலுக்கு மகள். பிறகே தெலுங்கில் நாயகி. வயதுக்கு ஒரு படியாக வேடங்கள் அமைந்தன, நடுவில் கட்டடக்கலையும் படித்தார். இப்படி அமைவது அபூர்வம். அமைந்ததற்கு அந்தத் தொடரைத் தயாரித்த யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை, வீட்டாரும் அவரும் அமைத்துக்கொண்டது.

லோகேஷ் ராஜேந்திரனுக்கு வருகிறேன். 'விடாது கருப்பு'க்குப் பிறகு 'ஜீபூம்பா'விலும் நடித்தார். 2022 அக்டோபரில், 34 வயதில் இறந்துபோனார். செய்தி வந்த அன்று பலரும் பழைய காட்சிகளைத் தேடி எடுத்துப் போட்டுப் புலம்பினார்கள். இந்தக் கட்டுரைக்கு அவர் சாவைச் சான்றாக வைப்பது மிகச் சுலபம், வாதம் உடனே ஜெயித்துவிடும். வைக்க மாட்டேன். ஒரு மனிதனின் முடிவுக்குப் பின்னால் என்னென்ன இருந்தது என்பது அவரோடு இருந்தவர்களுக்கே முழுக்கத் தெரியாது, திரையில் மட்டும் பார்த்த நமக்கு எங்கே தெரியும்? ஒன்றை மட்டும் சொல்லலாம். அவரைப் பற்றி நாம் நினைவு வைத்திருந்ததெல்லாம் அந்தப் பத்து வயது முகம். நடுவில் போன இருபத்துச் சொச்சம் வருடங்களைப் பற்றி நமக்கு ஒரு வரி தெரியாது.

இப்போது கடினமான ஆட்சேபணைக்கு வரவேண்டும், அது எங்கள் ஊரிலிருந்தே வரும். தறியில் உட்கார்ந்த பிள்ளை கைத்தொழில் கற்றான் என்று கதை சொல்லாதே என்பார்கள். அவன் முன்பணத்துக்காக உட்கார்ந்தான், பள்ளிக்கூடத்தைவிட்டு உட்கார்ந்தான். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளில் கடனுக்குக் கட்டுண்ட சிறுவர்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் அறிக்கையே வெளியிட்டது. கற்ற தொழில்தான் என்ன சோறு போடுகிறது? பாதித் தறி அவிழ்த்துப் பரண்மேல் கிடக்கிறது, நெசவாளர் மகன் செய்யாறு சிப்காட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறான். அவன் கையில் இருந்த கோர்வையால் என்ன பயன்? இதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். பிள்ளையைத் தறியில் உட்காரவைத்தது தவறு. அந்தத் தவறு நின்றுபோய்க்கொண்டிருப்பது நல்லது. நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். அந்தத் தவறுக்குள்கூட ஒரு கைமாறு இருந்தது. தார் சுற்றியவன் பிறகு இழை பிணைக்கக் கற்றான், பிணைத்தவன் கரை பிடிக்கக் கற்றான், இருபது வயதில் முழுச் சேலை நெய்தான். அந்தத் தொழில் நசிந்தது சந்தையால், விசைத்தறியால், கூலியால். அவன் வளர்ந்ததால் அல்ல. நடிக்கும் பிள்ளைக்கோ தொழில் கொழிக்கிறது, அலைவரிசைகள் பெருகுகின்றன, அவனுக்குத்தான் அதில் வேலை இல்லை, காரணம் அவன் வளர்ந்துவிட்டான். இந்த இரண்டு இழப்பையும் ஒன்றென்று எழுத முடியாது. தறிப் பிள்ளைக்காக அறிக்கை எழுதினோம், அதிகாரி வந்தார், வழக்கும் போட்டார்கள். திரைப் பிள்ளைக்குக் கேடயம் கொடுத்தோம்.

கேடயத்தோடு பட்டமும் கொடுத்தோம். தமிழில் 'மாஸ்டர்' என்று யாரைச் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர், தையல் மாஸ்டர். கைதேர்ந்தவரை. தொழில் தெரியாமல் யாரும் மாஸ்டர் ஆகமுடியாது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இன்னும் எதுவும் கற்காத ஆளுக்கு அந்தப் பட்டம் முதல் நாளே கிடைக்கிறது, பெண் என்றால் 'பேபி' அல்லது 'குட்டி'. அதிலும் ஒரு கொடுமை, பட்டம் ஒட்டிக்கொண்டால் உதிராது. தயாரிப்பாளராகித் தொடர்கள் எடுத்த பிறகும் குட்டி பத்மினி குட்டி பத்மினிதான். 1994இல் 'நாட்டாமை'யில் பாலகனாக வந்த மகேந்திரனை இன்றும் மாஸ்டர் மகேந்திரன் என்கிறோம். 2013இல் 'விழா'வில் கதாநாயகனாகவே நடித்துப் பார்த்தார், பட்டம் விடவில்லை. 'நாட்டாமை'க்கு 27 வருடம் கழித்து 2021இல் அவரை மறுபடி எல்லோரும் பேசியது 'மாஸ்டர்' என்ற பெயரிலேயே வந்த படத்துக்காக. அதில் அவர் ஏற்றது விஜய் சேதுபதியின் பாத்திரத்துக்கு இளவயது. நன்றாகவே செய்தார், வாய்விட்டுப் பாராட்டினார்கள். ஆனால் அந்த வயதிலும் அவரிடம் கேட்கப்பட்டது இன்னொருவருடைய சிறு பிராயம்.

பிள்ளைகளை நடிக்கவே விடாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் 'காக்கா முட்டை' கிடையாது, 'தங்க மீன்கள்' கிடையாது, 'பசங்க' கிடையாது. அந்தப் படங்களின் பிள்ளைகள் வாங்கிய தேசிய விருது நியாயமான விருது. அவர்களை வைத்து வேலை வாங்கிய இயக்குநர்கள், குழந்தையைப் பொம்மையாக நிறுத்தாமல் குழந்தையிடமிருந்தே எதையோ எடுத்தார்கள் என்பதைப் படம் பார்க்கிற எவரும் உணரலாம். தினமும் ஒரு பாகம் கொடுத்தாக வேண்டிய தொடருக்கு அந்த நேரம் கிடையாது என்பார்கள். இருக்கலாம். என் கோரிக்கை சிறியது. குழந்தையை நடிக்கவைக்கும் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கிற உறுதிமொழிப் படிவம் ஏற்கெனவே இருக்கிறது. நேரம், பள்ளி, உடல்நலம், வங்கி என்று அதில் கேள்விகள் உண்டு. அதில் இன்னொரு வரி வேண்டும்: இந்தப் பிள்ளை இந்தப் படப்பிடிப்பில் எதைக் கற்றுக்கொள்ளும், யாரிடம்? தேவிகாபுரத்தில் பழைய நெசவாளர் எவரிடமும் இந்தக் கேள்வியை நீட்டினால் எழுதத் தெரியாவிட்டாலும் வாயால் நிரப்பிவிடுவார். தார் சுற்றப் பாட்டியிடம், இழை பிணைக்க என்னிடம், கோர்வைக்கு அண்ணனிடம் என்பார். தயாரிப்பு நிர்வாகி முதல் கட்டத்தில் 'நடிப்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார், அதுவும் எனக்குத் தெரியும். எழுதட்டும். அடுத்த கட்டத்தில் ஓர் ஆள் பெயர் வேண்டும்.